கரடிக் காட்டில் கைத்துப்பாக்கி: இடுப்பிலா, மார்பிலா, பையிலா?

டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒருவர் வரும் ஜூலையில் அலாஸ்கா வருகிறார். ரஷ்யன் ஆற்றில் சாக்கை சால்மன் பிடிப்பது, அப்புறம் மூன்று நாள் மலைப்பாதையில் நடப்பது, இதுதான் திட்டம். போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, .44 ரிவால்வர் வாங்கட்டுமா, 10 எம்எம் பிஸ்டல் வாங்கட்டுமா?" நான் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகருக்குக் குடிவந்து பத்து வருடம் ஆகிறது. கரடியை நினைத்துத் துப்பாக்கி வாங்குகிற எல்லோரும் முதலில் கேட்பது, எந்த அளவுத் தோட்டா என்ற இந்தக் கேள்வியைத்தான். "ரெண்டுல எதை வேணும்னாலும் வாங்குங்க தம்பி. வாங்கி உடம்புல எங்க மாட்டப் போறீங்க?" என்று கேட்டேன். "இடுப்புலதான்" என்றார், வேறு இடமே இல்லாதது போல.

நானும் இடுப்பில்தான் ஆரம்பித்தேன். ஹோப் என்ற சிற்றூரில் தொடங்கி கூப்பர் லேண்டிங்கில் முடியும் ரெசரெக்ஷன் பாஸ் பாதை 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நான்கு நாள் நடை. முதுகில் 18 கிலோ பை, வலது இடுப்பில் தோல் உறைக்குள் 4 அங்குலக் குழல் கொண்ட .44 மேக்னம் ரிவால்வர். தோட்டாக்களோடு 1.3 கிலோ. பெரிய முதுகுப்பையின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது தோள் இல்லை, இடுப்புப் பட்டை. அந்தப் பட்டை உறையின் மேல் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கியை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்தியது. முதல் நாள் மாலை கூடாரத்தில் பார்த்தால் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. மறுநாள் காலை பட்டையைத் தளர்த்தினேன். எடை முழுவதும் தோளுக்கு வந்துவிட்டது. மதியம் துப்பாக்கியைக் கழற்றிப் பையின் மேல்மூடிக்குள் வைத்தேன். மழை பிடித்ததும் அதன் மேல் மழையுறையும் ஏறியது.

மூன்றாம் நாள் ஒரு வளைவைத் திரும்பியபோது, இரண்டு குட்டிகளோடு ஒரு பழுப்புக் கரடி பாதையோரம் மேய்ந்துகொண்டிருந்தது. 40 மீட்டர் இருக்கலாம். எழுந்து நின்று பார்த்தது. மூக்கை உயர்த்தி மோப்பம் பிடித்தது. பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போய்விட்டது. அந்தப் பத்து விநாடியும் என் வலது கை, ஒன்றுமில்லாத இடுப்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

கரடியால் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓட முடியும். அந்த 40 மீட்டரைக் கடக்க அதற்கு மூன்று விநாடி கூட வேண்டாம். பையை இறக்கி, மழையுறையை விலக்கி, ஜிப்பைத் திறக்க எனக்கு அரை நிமிடமாவது ஆகியிருக்கும். அன்றிலிருந்து துப்பாக்கி விஷயத்தில் வசதி என்பதைச் சொகுசாக நான் நினைப்பதில்லை. உறுத்துகிற துப்பாக்கி எப்படியும் பைக்குள் போய்விடும்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் இல்லை. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் 2012-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை நடந்த, மனிதர்களிடம் துப்பாக்கி இருந்த 269 கரடிச் சம்பவங்களை அதில் ஆராய்ந்தார்கள். கைத்துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களில் 84 சதவீதம் பேருக்கும் நீளத் துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களில் 76 சதவீதம் பேருக்கும் அது பலன் தந்தது. துப்பாக்கி இருந்தும் காப்பாற்றாமல் போன சம்பவங்களுக்கான காரணங்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். முதல் காரணம், நேரம் போதவில்லை: 27 சதவீதம். அடுத்தது, துப்பாக்கியைப் பயன்படுத்தவே இல்லை: 21 சதவீதம். பாதுகாப்பு விசையை நேரத்துக்கு விடுவிக்க முடியாமல் போனது 8 சதவீதம். குறி தவறியது 9 சதவீதம்தான். கடையில் மணிக்கணக்காகப் பேசப்படும் தோட்டாவின் அளவைவிட, அது கைக்கு வர எத்தனை விநாடி ஆகும் என்பதுதான் இங்கே பெரிய கேள்வி.

உறைகளுக்குப் போவதற்கு முன்னால் சட்டம் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் பலருக்கு இந்தத் தேர்வே இல்லாமல் போகலாம். எச்-1பி, எஃப்-1, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வாங்குவது மட்டுமில்லை, நண்பருடையதை வாங்கி மாட்டிக்கொள்வதும் அதில் அடங்கும். சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது அவற்றில் ஒன்று. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. விசாவில் இருந்துகொண்டு "காட்டுக்குள்ள யார் பார்க்கப் போறா" என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: இது வேலையையும் குடியேற்றத்தையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடிய விஷயம். சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேளுங்கள், இல்லையென்றால் கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

நண்பருக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டது. அலாஸ்காவில் 21 வயது ஆனவர்கள் தனி அனுமதி இல்லாமலே கைத்துப்பாக்கியை வெளியில் தெரியும்படியோ மறைத்தோ வைத்துக்கொள்ளலாம். 2003-இல் இருந்து அப்படித்தான். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரியிலிருந்து அந்தந்த மாநிலச் சட்டப்படி எடுத்துப் போகலாம். ஆனால் பூங்காவின் பார்வையாளர் மையம் போன்ற மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் கூடாது. எடுத்துப் போகலாம் என்பதால் சுடலாம் என்றும் ஆகிவிடாது. விமானத்தில் வருவதென்றால் தோட்டாவை நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, கவுன்டரில் சொல்லிச் சரக்குப் பையாகப் போட வேண்டும். காரில் கனடா வழியாக வர ஆசைப்படுகிறவர்கள் கைத்துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட வேண்டியதுதான்.

சரி, இப்போது உடம்புக்கு வருவோம்.

இடுப்பு உறையைப் பற்றிக் குறையாகச் சொல்லித் தொடங்கினாலும், முதுகில் பெரிய பை இல்லாதபோது அதை மிஞ்ச ஒன்றும் இல்லை. எடை எலும்பின் மேல் நிற்கும். கை தானாகத் தொங்கும் இடத்திலேயே பிடி இருக்கும். துப்பாக்கிப் பயிற்சியில் எல்லோரும் முதலில் பழகுவதும் அந்த அசைவைத்தான். பதற்றத்தில் கை அந்தப் பழக்கத்துக்குத்தான் ஓடும். குழல் தரையைப் பார்ப்பதால் பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதி. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் நாயோடு நடக்க எனக்கு இன்றும் இடுப்புதான். ஒரு விஷயம், சாதாரணப் பேன்ட் பெல்ட் போதாது. விறைப்பான, அகலமான பெல்ட் இல்லையென்றால் உறை வெளிப்பக்கம் சாய்ந்து விலாவைக் குத்தும். நீளமான மழைக்கோட்டு போட்டால் உறை மறைந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கே ஜூலையிலும் கோட்டு போடாத நாள் குறைவு.

இடுப்புப் பட்டைக்குத் தப்பிக்க உறையைத் தொடைக்கு இறக்குகிறவர்கள் உண்டு. ஒரு கோடை முழுவதும் நானும் முயன்றேன். ஒவ்வோர் அடிக்கும் ஒரு கிலோவுக்கு மேல் எடை காலோடு சேர்ந்து ஆடும். ஏற்றத்தில் அந்தக் கால் மட்டும் முதலில் சோர்ந்துபோகும். ஆல்டர் புதருக்குள் நுழைந்தால் கிளையெல்லாம் அதில்தான் மாட்டும். நடைக்கு இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

அக்குளுக்குக் கீழே தொங்கும் தோள் உறை கோட்டுக்குள் கதகதப்பாக, மழை படாமல் இருக்கும். பனிக்காலத்தில் ஸ்னோமொபைலில் போகிறவர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால் முதுகுப்பையின் தோள்பட்டையும் அந்த உறையின் பட்டையும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். படுக்கை வாக்கில் வைக்கும் வகையாக இருந்தால் குழல் எப்போதும் பின்னால் வருகிறவரைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வரிசையாக நடக்கும் பாதையில் எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

இனி மார்பு உறை. இங்கே ஆற்றங்கரைகளிலும் சிறு விமானத் தளங்களிலும் வழிகாட்டிகள் மாட்டியிருப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். ஆங்கரேஜிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் வசில்லாவில் டயமண்ட் டி என்ற பட்டறை தோலில் செய்கிறது. கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் கீனாய் என்ற பெயரிலேயே ஒரு மாதிரி வருகிறது. அமைப்பு எளிமையானது: ஒரு பட்டை தோளுக்கு மேலே போய் முதுகைச் சுற்றி வரும், இன்னொன்று விலாவைச் சுற்றும், உறை நெஞ்சுக்குழிக்குக் கீழே சாய்வாக உட்காரும். வலக்கைக்காரருக்குப் பிடி வலப்பக்கம், குழல் இடது இடுப்பை நோக்கிக் கீழே.

இதன் முதல் அருமை, முதுகுப்பையோடு சண்டை போடாது. உறையை முதலில் மாட்டி, அதன் மேல் பையை மாட்டினால் இடுப்புப் பட்டை அதற்குக் கீழே போகும். தோள்பட்டைகளை நெஞ்சில் இணைக்கும் சிறு பட்டை அதற்கு மேலே போகும். இரண்டாவது, பையை இறக்கினாலும் துப்பாக்கி உடம்பிலேயே இருக்கும். கூடாரம் அடிக்கும்போது, தண்ணீர் எடுக்கப் போகும்போது, காலைக்கடனுக்குப் புதர்ப்பக்கம் ஒதுங்கும்போது பை கூட வராது. கரடி வருவதென்றால் அந்த நேரம் பார்த்தும் வரலாம். மூன்றாவது, இரண்டு கையாலும் எட்டும். மல்லாந்து விழுந்து கிடந்தாலும் எட்டும். இடுப்பில் இருப்பது அப்போது உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்.

குறை இல்லாமல் இல்லை. சட்டை ஈரமாகும், நல்ல ஏற்றத்தில் உறைக்குப் பின்னால் வியர்வை ஊறிக்கொண்டே இருக்கும். இங்கே மழைக்கோட்டை ஒரு நாளில் பத்துத் தடவை போட்டுக் கழற்ற வேண்டியிருக்கும். உறை கோட்டுக்கு மேலேயா உள்ளேயா என்பது ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி. நான் மெல்லிய கம்பளிச் சட்டைக்கு மேல் உறையை மாட்டி, கோட்டை அதற்கு மேல் போட்டு, ஜிப்பை நெஞ்சுக்குக் கீழே வரை திறந்து வைக்கிறேன். கொஞ்சம் நனைவேன், பரவாயில்லை. பாதையில் காலடி தெரியாது. துப்பாக்கி பார்வைக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்து ஷூ கயிறு கட்டும்போது பிடி தாடைக்கு அருகில் வரும். உருவும்போது குழல் இடது முழங்கையைக் கடக்க வாய்ப்பு உண்டு. அதனால் இடது கை எங்கே போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக வேண்டும். திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே கூடாது, கண்ணால் பார்த்துத்தான் வைக்க வேண்டும். வழக்கமான கிளாக் பிஸ்டல்களில் தனியாகப் பாதுகாப்பு விசை கிடையாது. அதனால் டிரிக்கரையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுக்க மூடாத உறை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

உறைகள் பெரும்பாலும் ஆண் உடம்பை மனதில் வைத்தே வெட்டப்பட்டவை என்பதையும் சொல்ல வேண்டும். என் மனைவி இரண்டு மாதிரி போட்டுப் பார்த்தாள். இரண்டும் சரியான உயரத்தில் நிற்கவில்லை. பட்டையை நன்றாக இறக்கி மேல்வயிற்றில் உட்கார வைத்தபிறகுதான் மூச்சு விட முடிந்தது. அப்படி வைத்தால் பையின் இடுப்புப் பட்டை இடித்தது. கடைசியில் அவள் ஸ்ப்ரேயைத் தேர்ந்தாள். வாங்கும் முன் பையையும் கூட எடுத்துப்போய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது.

தோலா பிளாஸ்டிக்கா என்றால், மழையும் ஆறும் உள்ள இடத்துக்கு நான் பிளாஸ்டிக்கைச் சொல்வேன். தோல் உடம்புக்கு மெத்தென்று இருக்கும், சத்தம் போடாது, வேட்டைக்கு நல்லது. ஆனால் ஒரு தடவை ஊறினால் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை உள்ளே இருக்கும் இரும்பு துருப்பிடித்துக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் உறையில் பார்க்க வேண்டியது திருகுகள். துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பது அந்தத் திருகுகள்தான். நடையின் அதிர்வில் அவை மெல்லத் தளரும். ஒரு கடையில் வாங்கிய உறையில் எனக்கு இது நேர்ந்தது. ஓடையைத் தாண்டக் குனிந்தபோது ரிவால்வர் வழுக்கிப் பாறை மேல் விழுந்தது. வெடிக்கவில்லை. பின்னால் என் மகன் வந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருகிலும் அது தளராமல் பிடிக்கும் லாக்டைட் பசை ஒரு சொட்டு, பயணத்துக்கு முந்தைய இரவு ஒரு சோதனை. தோட்டாவை நீக்கி, உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கிப் பார்ப்பேன்.

முதுகுப்பையின் தோள்பட்டையிலோ இடுப்புப் பட்டையிலோ உறையைப் பூட்டும் முறையும் இருக்கிறது. நடக்கும்போது மிகச் சுகம். எடை பையோடு சேர்ந்துவிடும், உடம்பில் ஒன்றும் உறுத்தாது. ஆனால் பையை இறக்கினால் துப்பாக்கியும் இறங்கிவிடும், ஆற்றில் விழுந்து பையை உதறினால் துப்பாக்கியும் போய்விடும். நாள் முழுவதும் சிறு பையைக் கழற்றாமல் நடப்பவருக்குச் சரி. கூடாரத்தோடு போகிறவருக்கு வேண்டாம். மார்பில் மாட்டும் ஜிப் பை இன்னொரு வழி. துப்பாக்கி வெளியே தெரியாது, மற்ற நடையர்கள் மிரள மாட்டார்கள், மழையும் தூசியும் படாது. ஆனால் திறக்க இரண்டு கையும் வேண்டும். கரடியை ஒரு கையால் தடுத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது கை எங்கிருந்து வரும்?

வேட்டைக்குப் போகிறவரின் கணக்கு வேறு. அவர் கையில் ரைஃபிள் இருக்கிறதே, கைத்துப்பாக்கி எதற்கு என்று கேட்கலாம். மூஸ் என்ற பெரிய மான் விழுந்த பிறகுதான் அதற்கு வேலை. பெரிய மூஸில் இறைச்சி மட்டுமே 200 கிலோவுக்கு மேல் தேறும். பல மணி நேரம் மண்டியிட்டு அறுக்க வேண்டும். கையெல்லாம் ரத்தமும் கொழுப்பும். ரைஃபிள் பத்தடி தள்ளி மரத்தில் சாய்ந்திருக்கும். ரத்தவாடை காற்றில் போய்க்கொண்டே இருக்கும். பிறகு 40 கிலோவுக்கு மேல் கனக்கும் தொடைகளை ஒவ்வொன்றாகச் சுமந்து, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். அந்த நேரத்துக்கு உடம்போடு ஒட்டிய கைத்துப்பாக்கி வேண்டும்.

ஆனால் வேட்டைக்காரரின் மார்பில் ஏற்கெனவே பைனாகுலர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கீழே தொங்கும் உறைகள் வருகின்றன. நடக்கும்போது ஆடும், ஆனாலும் வேலை செய்யும். ரைஃபிளின் கட்டை தோளில் பதியும் இடத்தில் உறையின் பட்டை வந்தால் குறி மாறும். அதனால் வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்குப் பட்டை இடத்தோள் வழியாகப் போகிற மாதிரி வேண்டும். வில்லாளிகளுக்கு மார்பு உறை இன்னும் சிக்கல். நாணை விடும்போது அது உறையில் உரசினால் அம்பு எங்கோ போகும். என் வில்வேட்டை நண்பர் இதனாலேயே இடுப்பில் வைக்கிறார், உள்ளே போகும்போது சிறிய பையோடு போகிறார், இறைச்சி சுமக்கும் சட்டத்தை விலங்கு விழுந்தபிறகு எடுத்து வருகிறார். வேட்டைக்கு ஒரே பதில் கிடையாது. எதை வேட்டையாடுகிறீர்கள், எதை வைத்து வேட்டையாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மீன்பிடிக்க வருகிறவர்களுக்கு என் பதில் தெளிவு: மார்பு. இடுப்பாழ ஆற்றில் நிற்கும்போது இடுப்பு உறை தண்ணீருக்குள் இருக்கும். அதோடு, வேடர்ஸ் என்று சொல்லும் மார்பு வரையிலான நீர்புகாக் கால்சட்டைக்கு மேல் ஒரு பெல்ட் இறுக்கமாகக் கட்டியாக வேண்டும். விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையாமல் தடுப்பது அதுதான். அந்தப் பெல்ட்டில் வேறு எதையும் தொங்கவிடாதீர்கள். ஃப்ளை தூண்டில் வீசுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: இடது கையால் இழுத்துச் சேர்க்கும் கயிறு, நெஞ்சில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடியிலும் ரிவால்வரின் சுத்தியலிலும் போய்ச் சுற்றிக்கொள்ளும். உறையை நான்கு விரல் இறக்கி, பிடியை உடம்போடு ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடலோரத்தில் பிடித்தால் அன்று இரவே துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் என்றாலும் உப்பு விட்டு வைக்காது.

படகில் ஏறினால் எல்லாம் மாறிவிடும். உயிர்காப்பு ஜாக்கெட் மார்பை முழுவதும் எடுத்துக்கொள்ளும். உறையை உள்ளே வைத்தால் எட்டாது; வெளியே வைத்தால் ஜாக்கெட்டின் பூட்டுகளை மறைக்கும். இதில் எனக்குக் குழப்பமே இல்லை: பனி உருகி வரும் அந்தத் தண்ணீரில் ஜாக்கெட்தான் முதலில். துப்பாக்கி நீர்புகாப் பையில் கட்டியிருக்கட்டும், கரை ஏறியதும் மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். ரஷ்யன் ஆறு கீனாய் ஆற்றில் கலக்கும் இடத்தில் ஜூலையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மனிதர்கள் நிற்பார்கள். கரடிகளும் அங்கே வரும், மீனுக்காக. அந்தக் கூட்டத்தில் நான் துப்பாக்கி கொண்டுபோவதில்லை. கல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும் தோட்டா எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிடித்த மீனைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, மார்பில் ஸ்ப்ரேயோடு நிற்பேன்.

அந்த ஸ்ப்ரேயைப் பற்றி: மிளகாயின் காரச்சத்தை அழுத்தத்தில் அடைத்த டப்பா அது, மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கும் ஸ்ப்ரே இல்லை. 225 கிராமுக்குக் குறையாமல், எட்டு மீட்டர் தூரம் பீச்சுகிற, ஆறு விநாடிக்கு மேல் தாங்குகிற டப்பாவாகப் பார்த்து வாங்க வேண்டும். அதே ஸ்மித்தும் ஹெரேரோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் பழுப்புக் கரடிகளின் மேல் ஸ்ப்ரே அடித்தபோது 92 சதவீதம், கருங்கரடிகளில் 90 சதவீதம் பலன் கிடைத்ததாகப் பதிவு செய்தார்கள். ஸ்ப்ரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை. இந்த எண்ணைத் துப்பாக்கியின் 84-ஓடு நேராக ஒப்பிட்டு "ஸ்ப்ரேதான் ஜெயித்தது" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஸ்ப்ரே கணக்கில், வேடிக்கை பார்க்க வந்த, சாப்பாடு தேடி வந்த கரடிகளும் நிறைய இருக்கின்றன. துப்பாக்கிக் கணக்கில் பாய வந்தவை அதிகம்.

எண்ணை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஸ்ப்ரேயின் பக்கம் நியாயம் இருக்கிறது. டப்பா அரைக் கிலோ கூட இல்லை. துல்லியமான குறி வேண்டாம்; கரடிக்கு முன்னால் ஒரு மேகத்தை எழுப்பினால் போதும். விசா கேள்வி எழாது. தப்பாக அடித்தாலும் யாரும் சாக மாட்டார்கள், கரடியும் சாகாது. அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைச் சுட்டுக் கொன்றால் வேலை அதோடு முடியாது: தோலை நகங்களோடு உரித்து, மண்டையோட்டோடு மாநில வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்க வேண்டும், எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். மொன்டானா, வயோமிங் பக்கம் கிரிஸ்லி என்ற பழுப்புக் கரடிகள் 1975 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். அங்கே விசாரணை இன்னும் கடுமை. ஸ்ப்ரேக்கும் குறை உண்டு. எதிர்க்காற்றில் நம் கண்ணிலேயே திரும்பி வரும். மழையிலும் கடுங்குளிரிலும் வீச்சு குறையும். சில வருடத்தில் காலாவதியாகும். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. ஆங்கரேஜில் இறங்கித்தான் வாங்க வேண்டும். கலிபோர்னியாக்காரர்கள் கவனிக்க: யோசெமிட்டியில் ஸ்ப்ரே கொண்டுபோகவே தடை. அங்கே கருங்கரடிகள் மட்டும்தான். சத்தம் போட்டாலே பெரும்பாலும் விலகிப்போகும்.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இது. மீன்பிடிக்கும் நாட்களில் ஸ்ப்ரே மட்டும். மூன்று நாள் நடையில் முதுகுப்பையின் இடது தோள்பட்டையில் ஸ்ப்ரே. துப்பாக்கி கொண்டுவர விரும்பினால் மார்பு உறையில், உறையை மாட்டிய பிறகு அதன் மேல் பை. இரண்டில் முதலில் கை போக வேண்டியது ஸ்ப்ரேக்கு. துப்பாக்கி எது என்று மறுபடி கேட்டார். 'கிளாக் 20' என்ற 10 எம்எம் பிஸ்டலில் 15 தோட்டா, நிறைத்தால் 1.1 கிலோ. .44-இல் ஆறுதான், ஆனால் ஒவ்வொன்றும் வலுவானது, சகதியிலும் மக்கர் பண்ணாது. 700 கிராமில் இலேசான .44 ரிவால்வர்களும் இருக்கின்றன. சுமக்கச் சுகம், சுட்டால் மணிக்கட்டு பேசும், அதனாலேயே யாரும் பழகுவதில்லை. எதை ஐம்பது தடவை சுட்டும் இன்னொரு ஐம்பது சுடத் தோன்றுகிறதோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

வருவதற்கு முன் வீட்டில் ஒரு சனிக்கிழமை செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்து வேறு அறையில் வைத்துவிட்டு, இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, உறை, கோட்டு, 15 கிலோ அடைத்த பை, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் இருக்க வேண்டும். புல் வெட்டட்டும், மாடிப்படி ஏறி இறங்கட்டும், உட்கார்ந்து சாப்பிடட்டும். எந்த இடத்தில் உறுத்துகிறதோ அங்கே பட்டையை மாற்றட்டும். கடைசியாகப் பையோடு மல்லாந்து படுத்து, கை அங்கே போகிறதா என்று வலக்கையால் ஒரு தடவை, இடக்கையால் ஒரு தடவை. நேற்று இரவு படம் அனுப்பியிருந்தார். கூடத்தில் மல்லாந்து கிடக்கிறார், இடது கை பிடிக்கு நான்கு விரல் தூரத்தில் நிற்கிறது. "பட்டையை இன்னும் ரெண்டு ஓட்டை இறக்குங்க தம்பி" என்று பதில் போட்டேன்.